மத்தியான மணிக்கு நின்றவர்கள்

ஏளா, இதைப் போனில் சொல்ல முடியவில்லை. நான் பல்கலைக்கழகம் என்று ஆரம்பித்தாலே நீ, "அப்பா, வேற ஏதாவது பேசுங்க" என்கிறாய். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். படகுக்குக் கயிறோ பெயின்டோ வாங்க யாராவது வந்தால் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்காருவேன். நடுவில் பேச்சு எங்காவது அறுந்திருந்தால் அதுதான் காரணம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உன் நியமன உத்தரவு வீட்டு மேசையில் கிடக்கிறது. திருப்பி அனுப்பச் சொன்னாய், நான் இன்னும் அனுப்பவில்லை. உன்னைச் சேரச் சொல்லி நச்சரிக்கத்தான் இந்த அப்பா பேனாவை எடுத்திருக்கிறார் என்று நினைத்துவிடாதே. கொச்சியில் உனக்கு வேலை இருக்கிறது, பழகிய மனிதர்கள் இருக்கிறார்கள். நீ அங்கேயே இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஆனால் அதற்கு நேராக வந்து சேர என்னால் முடியாது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

அம்மா போன பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்று உன் சித்தியிடம் கேட்டாயாம். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கே விளங்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுவது மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, தூங்குகிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள்; நான் அவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் கத்தினாய், "எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு நின்னுருக்காங்கப்பா! அம்மா கீழ கெடக்கா, இவங்க செபம் சொல்லிக்கிட்டு நின்னுருக்காங்க! அந்த எடத்துல போய் நான் பாடம் எடுக்கணுமா?" என்று. உன்னைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. உனக்குக் கோபமாவது வந்தது.

நீ அந்த வளாகத்திலேயே வளர்ந்தவள். அம்மாவுக்கு ஆய்வகம் முடியும்வரை வேப்பமரத்தடியில் சிஸ்டர்கள் தந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு திரிந்தவள். ஆனால் அந்த இடம் எப்படி உண்டானது என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாளா தெரியவில்லை. என்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவள் பேசியதில் முக்கால்வாசி அதுதான். கப்பலில் வந்து இறங்கிய சில சிஸ்டர்கள், கடற்கரையோரம் உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, முத்துக்குளிக்கப் போனவர்களின் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்ததில்தான் தொடக்கம். சுவரில் ஊறிய உப்பு எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருக்குமாம், சிலேட்டில் எழுதினால் நிற்காதாம். லேஸ் விற்றதில்தான் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேண்டுமே என்று ஆசிரியப் பயிற்சி வந்தது. பிறகு கல்லூரி. முதலில் தமிழும் வரலாறும் மனையியலும். விலங்கியல் வந்த கதைதான் அம்மாவுக்குப் பிடித்தது. கடலுக்குள்ளே முத்துச்சிப்பி கிடக்கிற ஊரில், ஒரு சிப்பியைத் திறந்து அதற்குள் எது என்னவென்று சொல்ல ஒரு பெண்கூட இல்லையே என்று ஒரு சிஸ்டர் பிடிவாதமாக நின்று வாங்கிய துறையாம் அது. துறை வந்தபோது முத்துக்குளிப்பே நின்றுபோயிருந்தது. "குளிப்பு நின்ன ஊர்ல சிப்பிக்குப் பாடம். நல்ல வியாபாரம்தான்" என்று நான் கிண்டல் பண்ணுவேன். "நீங்க போல்ட்டு விக்கிற வேலையப் பாருங்க" என்பாள்.

அந்த விலங்கியலுக்குத்தான் அவள் சாத்தான்குளத்திலிருந்து வந்து சேர்ந்தாள். உன் அம்மாவின் அப்பா கருப்பட்டி வியாபாரி. சாமி கும்பிடாமல் கடை திறக்காதவர். அவர் தன் மகளைச் சிஸ்டர்கள் கையில் ஒப்படைத்ததற்குப் படிப்பு காரணமில்லை, ஹாஸ்டலின் இரும்புக் கேட்டுதான் காரணம். "சாயங்காலம் பூட்டுனாங்கன்னா காலையிலதான் தொறப்பாங்க. இதவிட வேற எங்கன விட?" என்று ஊரில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அங்கே வேதக்காரப் பிள்ளைகளுக்கு பைபிள் படிக்கிற கேட்டகிசம் வகுப்பு, மற்றவர்களுக்கு நீதி போதனைக்கு மாரல் வகுப்பு. அம்மா மாரல். அங்கேயே படித்து அங்கேயே டீச்சராகி, முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வளாகத்தில் இருந்தும் கடைசிவரை தன்னை மாரல் என்றுதான் சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதை விட்டதில்லை, திருச்செந்தூர் போவதை விட்டதில்லை. சேப்பலுக்குள் மண்டியிட்டதும் இல்லை. ஆனால் மத்தியானம் பன்னிரண்டுக்கு சேப்பல் மணி அடித்தால், செபம் சொல்லி முடியும்வரை எழுந்து நிற்பாள். அங்கே எல்லாருமே நிற்பார்கள். கேட்டகிசமோ மாரலோ, காயல்பட்டினத்திலிருந்து வரும் துலுக்கப் பிள்ளைகளோ, பாடம் எடுக்கிற டீச்சரோ, தரை துடைக்கிறவளோ, இருந்த இடத்தில் இருந்தபடி. செபம் முடிந்ததும், விட்ட வாக்கியத்தை விட்ட சொல்லிலிருந்து அம்மா தொடர்வாளாம். அதில் அவளுக்கு ஒரு கர்வம்.

அந்த மணியால்தான் நீ பிறந்தாய் என்று சொன்னால் சிரிப்பாய். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது அவர்கள் தெருவில் இருந்த கோவிலில் மத்தியான மணி அடித்தது. பாயில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து, வெளியே வெற்றிலையைத் துப்பிவிட்டு என் அப்பா, உன் தாத்தா, உள்ளே நுழைந்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ் முழுக்க அதே பேச்சு. "பெரிய மனுசனக் கண்டதும் எந்திரிச்சு நின்னா பாத்தியாலே? இந்தக் காலத்துல எவ நிக்கா? இவதான் நமக்கு மருமவ." எனக்கு அதற்கு முன்பே பிடித்துவிட்டது என்பதை நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் யோசிக்க ஆரம்பித்திருப்பார். நீ பிறந்த பிறகுதான் அம்மா என்னிடம் உண்மையைச் சொன்னாள். "ஒங்க அப்பா வந்ததையே நான் பாக்கல. மணி அடிச்சுது, காலு தானா எந்திரிச்சுட்டு." தாத்தா சாகும்வரை அதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. பாவம், அந்த ஒரு மரியாதையை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தார்.

கல்லூரி பல்கலைக்கழகம் ஆனபோது அம்மா என்னை அழைத்துப்போய்ப் புதுப் பலகையைக் காட்டினாள். பலகைதான் பெரிதாகியிருந்தது, உள்ளே அதே வராந்தா, அதே வேப்பமரம். ஆனால் படிப்புகள் மாறிவிட்டன. வணிகவியலே நாலைந்து விதமாக இருக்கிறது. கம்ப்யூட்டர், டேட்டா சயின்ஸ், உளவியல் எல்லாம் வந்துவிட்டன. மனையியல் உணவு அறிவியல் ஆகிவிட்டது. துறைமுகத்தை நம்பி ஷிப்பிங் லாஜிஸ்டிக்ஸ் என்று ஒன்று. நம் கடைக்கு வரும் கிளியரிங் ஏஜென்ட்டுகள், லாரி செட்டுக்காரர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் அதில்தான். சேர்க்கை நாளில் அந்தத் துறை வாசலில் கூட்டம் தாங்காது. விலங்கியல் வாசலில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், வழி கேட்கிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டு. "என் கிளாஸ்ல பிள்ளைகளவிட பெஞ்சு அதிகம்" என்பாள். அலங்கார மீன் வளர்ப்பு, கடல்பாசி வளர்ப்பு என்று சான்றிதழ் வகுப்புகளைச் சேர்த்து எப்படியோ துறையை மூடவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். நீ நேர்முகத்துக்கு வந்து தேர்வானபோது, மகளுக்கு வேலை கிடைத்ததற்காக அவள் சந்தோஷப்பட்டதைவிட, துறைக்கு ஆள் கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டாள் என்பது என் சந்தேகம். வரும் பிள்ளைகள் எல்லாம் கடற்கரைப் பிள்ளைகள். அப்பனோ அண்ணனோ தினமும் கொண்டுவந்து கொட்டுகிறதைப் புத்தகத்தில் பார்க்க வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஓணத்துக்கு லீவில் வந்திருந்தாய். வீட்டில் நீ இருந்தாய், கடையில் நான் இருந்தேன், இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் வந்தது. நாம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது, எல்லாரும் நின்றார்கள், அம்மா சரிந்துவிட்டாள், செபம் முடியும்வரை யாரும் தொடவில்லை. நமக்கு அவ்வளவுதான் சொன்னார்கள். அது ஏன் என்று நீ அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டாய். நான் ஏன் என்று கேட்கக்கூட இல்லை. காரியம் முடிந்து நீ கொச்சிக்குப் போன பிறகு துணைவேந்தர் சிஸ்டர் கடைக்கே வந்தார். வெள்ளை உடுப்போடு பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, "சார், அந்த மணிய நிறுத்திரட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். நான் "உங்க இஷ்டம் சிஸ்டர்" என்றேன். எழுந்து போனார். மணி இப்போதும் அடிக்கிறது. காற்று இந்தப் பக்கம் வீசினால் கடையிலேயே கேட்கிறது.

போன வாரம் ஒருவர் வந்தார். நாட்டுப்படகுக்காரர், நம்மிடம் வாடிக்கை. என்ன வேண்டும் என்று கேட்டேன். கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே தவிர விலை கேட்கவில்லை. கடையில் ஆள் குறைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, கயிறு ஒண்ணும் வேண்டாம். எம்மவ ஜெனோவா உங்க வீட்டம்மாட்டதான் படிக்கா. கடைசி வருசம். அன்னையிலேருந்து காலேஜுக்குப் போவ மாட்டேங்கா. பங்குச் சாமியார்ட்ட கூட்டிட்டுப் போனேன், சிஸ்டரு வந்து பேசிப் பாத்தாவ, ஒண்ணும் கேக்க மாட்டேங்கா. கேட்டா, நாந்தான் மிஸ்ஸக் கொன்னுட்டேங்கா."

"அவ என்ன செஞ்சா?"

"அத அவ வாயால கேளுங்க. நீங்க ஒரு தரம் வீட்டுக்கு வந்து அவள ஏசிட்டாவது போங்க அண்ணாச்சி. நல்லா ஏசிப்போட்டுப் போங்க. ஏசுனா ஆறிரும். யாருமே ஏசலங்கதுதான் அவளுக்குத் தாங்கல."

ஏசுவதற்கு ஒருவரை அழைக்க வந்த தகப்பனை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கடையை அடைத்துவிட்டு அவருடனேயே போனேன்.

கடற்கரையை ஒட்டிய சின்ன வீடு. அவர் மனைவி கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவந்து கையில் கொடுத்தார். உள்ளே கட்டிலோரம் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உன்னைவிட மெலிந்தவள். என்னைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கவும் இல்லை, அவளாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இதை உனக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். உன் கோபம் கூடத்தான் செய்யும். ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் செபத்தில் கடவுள் மனிதராக வந்ததைச் சொல்லும் ஓர் இடம் வருமாம். அந்த இடத்தில் வேதக்காரர்கள் ஒரு முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றி எழுவார்களாம். எல்லாரும் செய்வதில்லை, பக்தி உள்ளவர்கள் செய்வார்கள். சரியாக அந்த இடத்தில்தான் அம்மாவுக்கு முழங்கால் மடங்கியிருக்கிறது. கீழே விழவில்லை ஏளா. தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலில் இறங்கி, தூணில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற இந்தப் பெண் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"எங்க மிஸ் முழங்கால் போட்டுட்டாங்கன்னு நெனைச்சேன் அங்கிள். மூணு வருசமா பாக்கேன், நிப்பாங்க, முழங்கால் போட்டதே இல்ல. அன்னைக்குப் போட்டதும் எனக்கு அழுகையே வந்துட்டு. சந்தோசத்துல. செபம் முடிஞ்சும் எந்திரிக்கல. பிள்ளைகள்லாம் மிஸ்ஸு மிஸ்ஸுன்னு கிட்ட போனாளுக. நாந்தான்... நாந்தான் எல்லாத்தையும் சும்மா இருங்கடி, மிஸ் செபிக்காங்கன்னு சொல்லி கிளாசுக்குள்ள தள்ளிட்டுப் போனேன். கதவையும் சாத்திட்டேன். சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

பிறகு அந்தப் பக்கம் வந்த வேறொரு டீச்சர்தான் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பெண் சொல்லி முடித்தாள். நான் ஏசுவேன் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் உன் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அவருக்காக அம்மா எழுந்து நின்றதாக அவர் நினைத்தார். தன் சாமிக்காக அம்மா மண்டியிட்டதாக இந்தப் பெண் நினைத்திருக்கிறாள். தாத்தாவை நானும் அம்மாவும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம், அங்கே யாரும் சாகவில்லை என்பதால். இவளும் அதே தவறைத்தான் செய்திருக்கிறாள். பிரியத்தில் செய்திருக்கிறாள். அம்மாவின் கடைசி நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் இவள்தான், அதுவும் கண்ணீர் வரும் அளவுக்குச் சந்தோஷமாகப் பார்த்திருக்கிறாள். இதற்கு எந்த வார்த்தையை வைத்து ஏசுவது? உன் கோபத்தை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். கோபம் உன்னுடையது, வைத்துக்கொள். ஆனால் பல்கலைக்கழகம், செபம், சிஸ்டர்கள் என்று நீ பெரிதாகத் தூக்கி எறிகிற கல் போய் விழுகிற இடத்தில் சுவரோடு ஒட்டி நிற்பது இந்தப் பெண்தான். அதை மட்டும் பார்த்துவிட்டு எறி.

நான் அவளிடம், "டாக்டர் என்கிட்ட சொன்னாரும்மா" என்றேன். "முழங்கால் மடங்கும்போதே உயிர் போயிட்டுன்னு சொன்னாரு. அப்பவே தூக்கிட்டு ஓடியிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம். நீ கதவ சாத்துனதுக்கும் சாத்தாததுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல." அவள் என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவா அங்கிள்?" என்றாள். "எம் மகளும் பக்கத்துலதான் நின்னா. வேணும்னா அவகிட்டயே கேட்டுக்கோ" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா அழுதார். படகுக்காரர் வாசலில் போய் நின்றுகொண்டார். நான் கலரைக் குடித்து முடித்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போனாள். படகுக்காரர் வந்து சொல்லிவிட்டு, வேண்டாத கயிறு கொஞ்சம் வாங்கிக்கொண்டும் போனார். ஆனால் அந்தப் பெண் இன்னும் முழுதாக நம்பவில்லை, அது எனக்குத் தெரியும். அன்று நான் கிளம்பும்போது உன் நம்பரைக் கேட்டாள், கொடுத்தேன். நீ வேலையில் சேர்ந்தால் உன் வகுப்பில் முன்னால் உட்கார்ந்திருப்பாள். சேராவிட்டால் போன் செய்வாள். இரண்டில் எது என்றாலும் ஒருநாள் உன்னைக் கேட்கத்தான் போகிறாள். ஆஸ்பத்திரி அறையில் டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்று உனக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். உடனே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதைக் கேட்டது நீயும் நானும்தான். அவள் கேட்கும்போது நான் சொன்னதையே நீயும் சொல்லு, மகளே. யோசிக்காமல் சொல்லு.